வாழைமர நோட்டும் என் பிட்காயினும்

2021 நவம்பரில், விலை உச்சத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, 60,000 ரூபாய்க்கு, எந்த அரசும் அச்சடிக்காத இணையக் காசான பிட்காயினில் ஒரு சிறு துண்டு வாங்கினேன். ஒரே வருடத்தில் அது பதினேழாயிரமாகச் சுருங்கியது. விற்கவில்லை. துணிச்சல் ஒன்றுமில்லை, செயலியைத் திறந்து பார்க்கவே வெட்கம். 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோது பாதியை விற்றேன்.

லாபத்தில் 30 சதவீதம் வரி, அதன்மேல் கூடுதல் வரி. நடுவில் ஆசைப்பட்டு வாங்கிய இன்னொரு இணையக் காசில் பதினைந்தாயிரம் கரைந்தது. அந்த நஷ்டத்தை இந்த லாபத்தில் கழிக்கச் சட்டம் விடாது. முதலில் கணக்கு வைத்திருந்த செயலியோ, 'பராமரிப்பு' என்று சொல்லி ஒன்பது நாள் பணத்தை எடுக்க விடவில்லை. இத்தனை நாளில் காரைக்குடியில் பிட்காயினைக் கொடுத்து ஒரு பொட்டலம் சீப்புச் சீடை வாங்கியதில்லை.

"இதில் கையெழுத்துப் போட்டவர் யார்?" என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, கேட்டார். உண்டியல், அதாவது ஓர் ஊரில் கட்டிய பணத்தை வேறு ஊரில் தரச்சொல்லும் சீட்டு, எழுதிய வீட்டில் பிறந்தவர். ரங்கூனில் கட்டிய பணத்தை இங்கே வாங்க முடிந்தது சீட்டில் இருந்த விலாசத்தை, அதாவது கடைப் பெயரை, நம்பித்தான்.

"யாரும் போடவில்லை. ஆனால் 2 கோடியே 10 லட்சம் காசுக்கு மேல் வராது" என்றேன்.

பெட்டகத்திலிருந்து ஒரு நோட்டுக்கட்டு எடுத்துவந்தார். போரில் மலாயாவைப் பிடித்திருந்தபோது ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர் நோட்டுகள், குலை தள்ளிய வாழைமரம் போட்டவை. பாட்டையா கொண்டுவிற்கப் போன இடத்தில் மிஞ்சியது. 1945இல் ஜப்பான் தோற்றதும் வெறும் தாள்.

"கணக்கில்லாமல் அச்சடித்தார்கள், செத்தது. பின்னாளில் வரிசை எண்கூடப் போடவில்லையே!" என்றேன்.

"சரி, இனி இது அச்சாகுமா? எண்ணிக்கை நிச்சயம்தானே. எவ்வளவு தருவாய்?"

பழைய நோட்டுச் சேர்ப்பவர்கள் கொஞ்சம் தருவார்கள் என்று இழுத்தேன். "உன் காசுக்கும் அப்படித்தான் தருகிறார்கள்" என்றார்.

பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். பிட்காயின் எந்த வங்கியையும் கேட்காமல், ஞாயிறு நள்ளிரவிலும் கடல் தாண்டிப் போய்ச் சேரும். வாழைமரம் போகாது. அந்த வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு. அது, 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் விற்ற 85 லட்ச ரூபாய் பெறுமா என்றால் கையை விரிப்பேன்.

மீதியை இப்போது செயலியில் வைக்காமல் தனிக் கருவிக்கு மாற்றிவிட்டேன். கருவி போனாலும் காசை மீட்கும், கடவுச்சொல் போன்ற 24 ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதி அப்பச்சியிடம் கொடுத்தேன்.

"கருவியோடு இதுவும் தொலைந்தால்?"

"போனதுதான்."

"பெட்டகச் சாவி தொலைந்தால் ஆசாரியையாவது கூப்பிடலாம்" என்று முனகியபடி, அதை வாழைமரக் கட்டுக்கு அடியில் செருகினார்.