டீஆக்ஸிட் டி5: பழைய கிட்டார் ஆம்புக்கு எதுவரை உதவும்?

பழைய ஆம்ப் வாங்கியவர்களுக்கு முதலில் கிடைக்கும் யோசனை, "ஒரு டீஆக்ஸிட் டி5 ஸ்பிரே வாங்கி வை" என்பதுதான். மின் தொடுமுனைகளில் பிடித்த ஆக்ஸைடையும் அழுக்கையும் நீக்கும் கிளீனர் அது. நானும் அதையே சொல்வேன். கூடவே, அது எந்தக் கோளாறைத் தீர்க்கும், எதைத் தொடவே தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைமாறி வந்த ஒரு 15 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பை வீட்டு மேசையில் வைத்துச் சரிசெய்தபோது இந்தக் கேன் பக்கத்திலேயே இருந்தது. அதன் பலமும் எல்லையும் அந்த ஒரே பெட்டியில் தெரிந்துவிட்டன.

ஆம்ப் வழக்கமான அமைப்புதான். 12 அங்குல ஸ்பீக்கர், பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84, முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வால்வுகள், பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப் (எஃபெக்ட்ஸ் பெடல்களை நடுவில் இணைப்பதற்கான சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்குகள்). வால்யூம், மாஸ்டர் இரண்டு குமிழையும் திருப்பினால் கரகரவென்றது. கிட்டார் கேபிளை லேசாக ஆட்டினால் ஒலி வெட்டி வெட்டி வந்தது. எல்லாவற்றையும் விட எரிச்சலானது, வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி பாதியாக அமுங்கிப்போவது. பெட்டியின் மேல் ஒரு தட்டு தட்டினால் திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் தம்பி கிட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அக்கா, மறுபடி போயிடுச்சு" என்பான்.

இந்த அமுங்கலுக்குப் பலரும் வால்வைத்தான் சந்தேகப்பட்டு, புது வால்வு வாங்கிவிடுகிறார்கள். லூப் இருக்கும் ஆம்பில் அதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சின்னக் கேபிளை எடுத்து, பின்பக்கம் இருக்கும் சென்ட் ஜாக்கையும் ரிட்டர்ன் ஜாக்கையும் இணையுங்கள். ஒலி அமுங்காமல் நிதானமாக வந்தால் வால்வு மேல் பழியில்லை. எஃபெக்ட்ஸ் எதுவும் செருகாதபோது, பல ஆம்புகளில் சிக்னல் முழுவதும் ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன உலோகத் தகட்டின் வழியாகத்தான் போகிறது. பிளக்கைச் செருகினால் அந்தத் தகடு விலகும், எடுத்தால் வந்து ஒட்டும். வருடக்கணக்கில் யாரும் எதையும் செருகாத ஜாக்கில் அந்தத் தொடுமுனை கறுத்து ஆக்ஸைடு பிடித்துப்போகும். கேபிள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவதால் கோளாறு மறைகிறது. எங்கள் ஆம்பிலும் இதுதான் நடந்தது.

டி5-இன் மதிப்பு இங்கேதான் தெரியும். ஜாக்குக்குள் நேராகப் பீய்ச்ச வேண்டாம். பிளக்கின் முனையில் கொஞ்சம் அடித்து, அந்த ஈரத்தோடு ஜாக்கில் பத்து இருபது முறை செருகி எடுங்கள். வெளியே வந்த பிளக்கைத் துணியில் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். அது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு தம்பி மணிக்கணக்கில் வாசித்தும் ஒலி அமுங்கவில்லை.

வால்யூம் குமிழும் இதில் சரியானது. குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரைச் சுருக்கமாகப் பாட் என்பார்கள். அந்தப் பாட்டின் பின்புறம், மூன்று கால்களுக்கு மேலே, ஒரு சின்னத் திறப்பு இருக்கும். குழாயை அங்கே வைத்து ஒரே ஒரு சிறு பீய்ச்சல் போதும். அப்புறம் குமிழை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உண்மையில் சுத்தம் செய்வது அந்தத் திருப்பல்தான், திரவம் அழுக்கை இளக்கிக் கொடுக்கிறது. டி5 என்றால் 5 சதவீத டீஆக்ஸிட் கரைசல். மீதியில் பெரும்பங்கு அழுக்கைக் கழுவிவிட்டு ஆவியாகும் கரைப்பான். அந்த 5 சதவீதம்தான் மெல்லிய படலமாகத் தங்கி உலோகத்தைக் காக்கிறது. நிறைய அடித்தால் நிறையப் பலன் என்பது இதில் கிடையாது. மிஞ்சிய படலத்தில் தூசி ஒட்டும். கேனின் மூடியில் எல், எம், எச் (குறைவு, நடுத்தரம், அதிகம்) என்று பீய்ச்சும் வேகத்தை மாற்றும் திருகி இருந்தால் எல்-லுக்கு மேல் போகவே வேண்டியதில்லை.

சாதாரண டபிள்யூடி-40 இருக்கிறதே, அதை அடித்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: பாட்டுக்கு வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடும். அந்த நிறுவனமே எலக்ட்ரானிக்ஸுக்குத் தனியாக ஒரு கான்டாக்ட் கிளீனர் விற்கிறது. படலமே விடாமல் உடனே காயும் கிளீனர்கள் சர்க்யூட் போர்டுக்கு நல்லவை. ஆனால் சில வகைகள் பாட்டின் தண்டில் இருக்கும் கிரீஸையும் கழுவி, குமிழைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். மேலும் கீழும் தள்ளும் ஃபேடர்கள், கண்டக்டிவ் பிளாஸ்டிக் பாட்டுகள் என்றால் அதே வரிசையில் வரும் ஃபேடர் எஃப்5 பொருத்தமானது.

வால்வு சாக்கெட்டுக்கும் பயன்படுத்தலாம், ஆனால் சாக்கெட்டுக்குள் அடிக்காமல் வால்வின் கால்களில் தடவி, மெதுவாகச் செருகி எடுக்க வேண்டும். வால்வின் பிளேட் என்ற முனைக்கான உயர் மின்னழுத்தம் வரும் இடத்தில் ஈரமும் கரைந்த அழுக்கும் தேங்கக் கூடாது. கரைப்பான் தீப்பற்றக்கூடியது என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். வாடை முழுக்கப் போகும்வரை ஆம்பை ஆன் செய்ய வேண்டாம்.

இனி டி5-ஆல் ஆகாத விஷயங்கள்.

கேபிளை ஆட்டினால் வெட்டுவது இன்புட் ஜாக்கின் சால்டர் விட்டுப்போனதால். பூதக்கண்ணாடி வழியே பார்த்தால், ஜாக்கின் காலைச் சுற்றி முடி பருமனில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. பிளக்கின் ஒவ்வொரு இழுப்பையும் தாங்கித் தாங்கிச் சால்டர் அங்கே விரிந்திருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், சரியாகிவிட்டது. ஸ்பிரேக்கு இங்கே வேலையே இல்லை.

மாஸ்டர் குமிழ்தான் பாடம் நடத்தியது. வால்யூமுக்குச் செய்த அதே வைத்தியத்தை இதற்கும் செய்தேன், கரகரப்பு துளியும் குறையவில்லை. இந்த இடத்தில் பலர் பாட்டையே மாற்றிவிடுவார்கள். அதற்கு முன்பு பாட்டில் டிசி (நேர்மின்) மின்னழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய வால்வின் பிளேட்டில் 200 வோல்ட் அளவுக்கு டிசி இருக்கும். நடுவில் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் அதைத் தடுத்து, கிட்டார் சிக்னலை மட்டும் விட வேண்டும். பாட்டின் பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கெப்பாசிட்டர் கசிகிறது, கசிந்த டிசி பாட்டின் தடத்தில் ஓடுகிறது, குமிழைத் திருப்பும்போது அதுதான் கரகரக்கிறது. 22 நானோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றியதும் குமிழ் சத்தமில்லாமல் சுழன்றது. இப்படிப்பட்ட பாட்டில் எத்தனை கேன் அடித்தாலும் வீண்தான்.

அந்த அளவீட்டை ஆம்ப் ஓடும்போதுதான் எடுக்க வேண்டும், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. வால்வு ஆம்புக்குள் இருக்கும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். மீட்டரின் கறுப்பு வயரை ஆன் செய்வதற்கு முன்பே சேஸிஸில் (ஆம்பின் உலோகச் சட்டகத்தில்) கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடித்து அளக்க வேண்டும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். நான் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு பக்கமும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை அது இரண்டரை நொடிக்குள் கிட்டத்தட்ட முழுக்க இறக்கிவிடும். இறக்கியபின் மீட்டரில் பார்த்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் கை உள்ளே போகும். இதில் பழக்கமில்லாதவர்கள் ஜாக் சுத்தம், லூப் சோதனை இரண்டோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள். அந்த இரண்டுக்குப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

மற்ற ஸ்பிரேக்களை விட டி5 விலை கூடுதல்தான். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு பீய்ச்சல் என்று கணக்காக அடித்தால் கேன் வெகுகாலம் வரும். நான் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருவேன். ஆம்ப் மட்டுமல்ல, கிட்டாரின் டோன் பாட், பெடல்களின் ஜாக், கேபிள் முனைகள் எல்லாவற்றுக்கும் இதே கேன் போதும். வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டி100 என்று இருந்தால் அது 100 சதவீத அடர்கரைசல், கழுவும் கரைப்பான் அதில் கிடையாது. துளித்துளியாகத் தொட்டுவைக்கத்தான் அது சரி, பாட்டுக்குள் பீய்ச்ச டி5-ஐயே கேளுங்கள்.