எட்டடி நீளத்தில் ஒரு மீட்டர் கேஜ் கிளைப்பாதை: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறையில், எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஒரு பலகையின் மீது, காவிரிக் கடைமடைச் சிற்றூர் ஒன்றின் ரயில் நிலையம், ஓடும் ரயிலோடு கூடிய சிறு மாதிரியாக, 2017ஆம் ஆண்டிலிருந்து இருந்துவருகிறது. செய்து முடித்த கையோடு இதைப் பற்றி எழுதியிருந்தால் வேறு எதையெதையோ எழுதியிருப்பேன். அன்று நான் பெருமையோடு காட்டிய பொருள்களில் பாதி இன்று பலகையில் இல்லை. எது நின்றது, எது போயிற்று, ஏன் போயிற்று என்பதை மட்டும், இந்த மாதிரி ரயில் பொழுதுபோக்கில் இறங்க நினைக்கும் சென்னைவாசிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

அப்பாவின் ஊர் ஆக்கூர்ப் பக்கம். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்ற மீட்டர் கேஜ் பாதை 1926இல் திறக்கப்பட்டு 1986இல் மூடப்பட்டது. அதன் நிலையங்களில் ஒன்றை அப்படியே செய்யவேண்டும் என்பதுதான் முதல் ஆசை. கணக்குப் போட்டதும் அது அடங்கிவிட்டது. மாதிரி ரயில்களுக்கு வழக்கமான 87இல் ஒரு பங்கு என்ற அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது பதினொன்றரை மீட்டராகும். என்னிடம் இருக்கும் எட்டடியோ உண்மையில் 212 மீட்டர்தான். ஆகவே அந்தப் பாதையைச் சேர்ந்திருக்கக்கூடிய கற்பனை முனைய நிலையம் ஒன்றை, 1980களின் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு செய்தேன். ஒரு நடைமேடை, பிரிந்து மீண்டும் சேரும் ஒரு லூப் லைன், சரக்கு இறக்க ஒரு பக்கப் பாதை, கடைசியில் ஒரு லெவல் கிராசிங் ஆகியவற்றோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது.

மீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்ததில் உணர்வைத் தவிர ஒரு நடைமுறை ஆதாயமும் இருந்தது. நம் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரும். அந்த அளவில் ஆயத்தத் தண்டவாளம் கடைகளில் கிடைப்பதில்லை. உலகெங்கும் விற்கப்படும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. மீட்டர் கேஜின் ஆயிரம் மில்லிமீட்டரை வகுத்தாலோ 11.5 வருகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளுக்காக எச்ஓஎம் என்ற பெயரில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பதால், அரை மில்லிமீட்டர் பிழையைப் பொறுத்துக்கொண்டால் நமக்கு அது போதும். நான் வாங்கியது பெக்கோ நிறுவனத்தின் 914 மில்லிமீட்டர் நீள நெகிழ் தண்டவாளம். எட்டு ஆண்டுகளில் ஒரு ஸ்லீப்பர் கட்டைகூட நொறுங்கவில்லை. ஆனால் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்ந்த பிறகு மேற்கொண்டு ஒரு பாயின்ட்ஸ் (ரயிலைப் பாதை மாற்றும் அமைப்பு) வாங்குவதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போது தொடங்குபவர்கள் முதல் பட்டியலிலேயே இரண்டு துண்டு கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

அதிகம் பாடம் கற்பித்தது பலகைதான். நான்கடிக்கு இரண்டடியாக இரண்டு பலகைகள். முதலாவது, வீட்டு அலமாரி வேலையில் மிஞ்சிய சாதாரண கமர்ஷியல் பிளைவுட்; இரண்டாவது, கடையில் வாங்கிய ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். இரண்டுக்கும் அடியில் மலிவான நாட்டுமரச் சட்டம். 2017 நவம்பரில், மழை ஈரம் சுவரிலேயே தெரியும் நாள்களில், இடைவெளி ஏதும் விடாமல் தண்டவாளத்தைப் பதித்தேன். அடுத்த மே மாதம் நடைமேடைக்கு எதிரே தண்டவாளம் பாம்பு போல வளைந்து நின்றது. வெயிலில் தண்டவாளம் நீண்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து டிகிரி சூடு கூடினாலும் எட்டடி நிக்கல் சில்வர் தண்டவாளம் அரை மில்லிமீட்டர்கூட நீளாது என்று கணக்கு சொன்னபோதுதான் உண்மை விளங்கியது. நீண்டது தண்டவாளமன்று, இரவெல்லாம் ஓடிய ஏசியில் மரம் உலர்ந்து சுருங்கியிருந்தது. பாதையை மூன்று இடங்களில் அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனுக்கு இடைவெளி விட்ட பிறகு இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் தண்டவாளம் பதிக்கக்கூடாது என்பதை நான் இப்போது கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பிளைவுட்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, வெளிச்சத்துக்கு வந்தது. காற்றோடு வந்த சாரல் சன்னல் இடுக்கு வழியாக ஓர் இரவு முழுவதும் பலகையின் பின்விளிம்பில் விழுந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லாததால் மின்விசிறியில் உலர்த்தவும் வழியில்லை. மரைன் பிளைவுட்டில் ஒரு கறை மட்டுமே எஞ்சியது. கமர்ஷியல் பலகையின் விளிம்பு அடுக்கடுக்காகப் பிரிந்து மூன்று மில்லிமீட்டர் மேலெழும்பிவிட்டது. அந்த இடத்தில் பெட்டிகள் இன்றும் சற்றுச் சாய்ந்தே செல்கின்றன. பார்ப்பவர்கள் அதைக் கிளைப்பாதையின் இயல்பு என்று பாராட்டுகிறார்கள், நான் மறுப்பதில்லை.

மின்சார வேலையில் சிக்கனம் பார்க்காதது என் நல்லகாலம். இஞ்சினுக்கு மின்சாரம் தரும் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாகச் செம்புக் கம்பி இறக்கிப் பற்றவைத்திருந்ததால், இணைப்புத் தகடுகள் கடற்காற்றில் கறுத்தபோதும் 12 வோல்ட் குறையவில்லை. பாயின்ட்ஸ்களை இயக்க ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சிறிய சர்வோ மோட்டார்களைப் பொருத்தியிருந்தேன். மின்சாரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் அவை தாமாகத் துள்ளின; ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு அடியிலேயே ஒருமுறை பாதை மாறிற்று. மூன்றாம் ஆண்டில் அனைத்தையும் கழற்றிவிட்டு, சைக்கிள் ஆரக்கம்பிகளைப் பலகைக்கு அடியில் குழாய்க்குள் ஓடவிட்டு, கையால் இழுக்கும் முறைக்கு மாறினேன். அந்தக் காலச் சிற்றூர் நிலையங்களிலும் பாயின்ட்ஸ்மேன் கையால்தான் இழுத்தார் என்பதால் இதில் எனக்கு மனக்குறை கிடையாது. தண்டவாளத்தைத் துடைக்க வாரம் ஒருமுறை பருத்தித் துணியும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். தொடக்கத்தில் உப்புத்தாளால் தேய்த்தது பெரும் தவறு. அதன் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாக அடைந்தது.

ஜல்லிக்கு வெளிநாட்டுப் பொட்டலம் தேவையில்லை. கட்டட வேலைக்கு வந்திறங்கும் எம்சாண்டை இரண்டு சல்லடைகளில் சலித்து, நடுவில் தங்கும் பொடியைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தினேன். வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி விட்டுச் சொட்டினால் பசை ஜல்லிக்குள் நன்றாக இறங்கும். கடற்கரை மணலை மட்டும் எடுத்துவிட வேண்டாம். உப்பு ஒருபுறம் இருக்க, அதில் காந்தத்தில் ஒட்டும் கருமணல் கலந்திருக்கும். அது ஒரு துகள் இஞ்சினின் மோட்டாருக்குள் ஏறினாலே போதும், பல்சக்கரம் போய்விடும். எம்சாண்டையும் நான் காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே கொட்டுகிறேன்.

நிலக்காட்சியைப் பொறுத்தவரை என் திசையை மாற்றியது அம்மாவின் ஒரு கேள்வி. பச்சைப் பொடி தூவி வயல் என்று நான் காட்டியதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது நாத்தங்காலா, நட்ட வயலா? எந்த மாசம்டா இது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு பலகை முழுவதையும் தை மாதக் கடைசி என்று தீர்மானித்துக்கொண்டேன். சம்பா அறுவடை முடிந்திருக்கும், தாள் நிற்கும், களத்தில் வைக்கோல் போர் இருக்கும், ஆட்கள் அதிகம் தென்படமாட்டார்கள். மாதம் முடிவானதும் வேப்பமரத்தின் பசுமை எவ்வளவு, வரப்பில் புல் எந்த நிறம், வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டம் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை தானாகவே வந்தது. நிறங்களைப் புட்டியில் தேடுவதைவிட மாதத்தை முதலில் முடிவு செய்வது மேல்.

அறுத்த நெல்தாளைச் செய்ய, செயற்கை இழைகளை நிலைமின்சாரத்தால் நிமிர்த்தி நிறுத்தும் கருவி வேண்டும். விலைக்கு வாங்காமல், பழைய கொசு பேட்டின் சுற்றை எடுத்து டீ வடிகட்டியோடு இணைத்துச் செய்துகொண்டேன். (அதிர்ச்சி வலிக்கும்; கண்டென்சரில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்காமல் தொடக்கூடாது.) மார்ச் மாதப் பிற்பகலில் இழைகள் அழகாக நிமிர்ந்தன. அதே கருவி, அதே இழை, அதே பசையைக் கொண்டு அக்டோபரில் முயன்றபோது அத்தனையும் படுத்துவிட்டன. காற்றின் ஈரம் மின்னூட்டத்தைத் தங்கவிடாததே காரணம். இப்போது இந்த வேலையை ஏசி இரண்டு மணி நேரம் ஓடிய அறையில் மட்டுமே செய்கிறேன்.

பனைமரங்களைச் செய்ததில் எனக்குத் திருப்தி அதிகம், வருத்தமும் அங்கேதான். மூங்கில் குச்சியில் நூல் சுற்றி அடிமரம். ஆண்டர்சன் தெருவில் வாங்கிய தாளில் வெட்டி, மைதாப் பசையால் ஒட்டிய மட்டைகள். பதினைந்து மீட்டர்ப் பனை இந்த அளவில் பதினேழு சென்டிமீட்டர் வரும். பதினோரு மரங்கள் செய்தேன். இரண்டே ஆண்டில் ராமபாணப் பூச்சி மட்டைகளைத் தின்று, வறட்சியில் மொட்டையான பனைகளைப் போல ஆக்கிவிட்டது. பூச்சியை விரட்ட நாப்தலீன் உருண்டைகளை வைத்தேன். அந்த ஆவியில் மேட்டுக்கு அடியிலிருந்த தெர்மகோல் குழிகுழியாக அரித்து, மேடு ஓரிடத்தில் உள்வாங்கிவிட்டது. தெர்மகோல் இருக்கும் இடத்தில் அந்த உருண்டையை வைக்கவே கூடாது. இப்போது மட்டைகள் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இருக்கின்றன. பலகைக்கு அடியில் வசம்புத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

வாய்க்காலுக்கு ஊற்றிய எபாக்ஸி ரெசின் இரண்டு ஆண்டில் மஞ்சளித்தது. அதன்மேல் வண்டல் நிறம் பூசி, பளபளப்பு வார்னிஷ் அடித்ததோடு சரி.

இஞ்சின், நம் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்டிஎம்4 வகை டீசல். நீராவி இஞ்சின்தான் ஆசை. ஆனால் ஒய்பி போன்ற மீட்டர் கேஜ் நீராவி இஞ்சின் ஒன்றின் இணைப்புத் தண்டுகளைக் கையால் செய்து, தூசியிலும் ஓடவைப்பது என் திறமைக்கு அப்பாற்பட்டது. ஐரோப்பிய டிடி அளவு (120இல் ஒரு பங்கு) மாதிரி டீசல் ஒன்றின் 12 மில்லிமீட்டர் அடிப்பகுதியை எடுத்து, மேற்கூட்டை முப்பரிமாண அச்சில் வார்த்துப் பொருத்தினேன். முதல் கூடு பிஎல்ஏ பிளாஸ்டிக். அச்சகத்திலிருந்து வரும் வழியில் மதியச் சாப்பாட்டுக்காகக் காரை வெயிலில் நிறுத்தியிருந்த அரை மணி நேரத்தில் அதன் கூரை முதுகு தட்டையாகிவிட்டது. அறுபது டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே அது இளகிவிடும் என்பதை அன்றுதான் படித்தேன். இரண்டாவது கூடு ஏபிஎஸ் பிளாஸ்டிக்; ஐந்து கோடைகளைத் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு பலகையை நன்றாக்கியது நான் சேர்த்தவையல்ல, எடுத்தவைதான். தொடக்கத்தில் கோபுரம், சந்தை, டூரிங் டாக்கீஸ், மாட்டுவண்டி ஊர்வலம், இருபத்தாறு மனிதர்கள் எல்லாம் இருந்தன. ரயில் வந்தால்கூட யாருக்கும் தெரியாத அளவுக்கு நெரிசல். ஒவ்வோர் ஆண்டும் சிலவற்றை எடுத்தேன். இன்று ஓட்டுக்கூரை நிலையம், ஒரு புளியமரம், கேட் கீப்பர் அறை, ஒரு கைகாட்டி மரம், பனைகள், ஐந்து மனிதர்கள். மீதி வயல். இரண்டு பெட்டிகளும் ஒரு சரக்கு வேகனும் கோத்த ரயில் அந்த வெறுமையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நாற்பது வினாடிகளுக்காகத்தான் நான் மாலையில் அந்த அறைக்குப் போகிறேன்.

ஓட்டும் முறையில் ஒரு சிறு ஏற்பாடு மட்டும் எதிர்பாராத பயன் தந்தது. ஒற்றைப்பாதையில் ஓட்டுநரிடம் அனுமதி அடையாளமாகக் கோல் கொடுக்கும் வழக்கத்தை நினைத்து, ஒரு மரக்கோலின் நுனியில் ஆடியோ பிளக் ஒன்றைப் பொருத்தினேன். கோலைத் துளையில் செருகினால்தான் பாதைக்கு மின்சாரம் வரும். அழகுக்காகச் செய்தது, அக்கா மகன் விடுமுறைக்கு வரும்போது பூட்டாகப் பயன்படுகிறது. கோல் பூஜையறை அலமாரியில் இருக்கும், கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

பிரிந்துபோன கமர்ஷியல் பலகையை மாற்றும் வேலையை வரும் மாசிக்கு ஒதுக்கியிருக்கிறேன். நிலையக் கட்டடத்தையும் புளியமரத்தையும் முழுதாகப் பெயர்த்தெடுக்கலாம். வாய்க்கால்தான் இரண்டு பலகைகளின் இணைப்பின் மீது ஓடுகிறது. மதகை ஓர் அங்குலம் கிழக்கே தள்ளினால் வெட்டு அதன் நிழலுக்குள் மறைந்துவிடும் என்று தோன்றுகிறது. மரைன் பிளைவுட் துண்டு வாங்கியாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் உலர்ந்துகொண்டிருக்கிறது.