கேட்டுவிட்டு ஓடியவரின் விலையை நான் கட்டினேன்: ஒரு டொமைன் ஏலத் தளத்தில் என் அனுபவம்

கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மரச்செக்கு இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். கூடவே எங்கள் தோட்டத்து மஞ்சள்தூளும், சீசனில் நாட்டுச் சர்க்கரையும் உண்டு. 2014இல் இணையத்தில் விற்க ஆரம்பித்தபோது தோட்டத்துப் பெயரிலேயே ஒரு டாட் காம் முகவரி வாங்கினோம், டொமைன் பெயர் என்பது இதைத்தான். பாட்டில் லேபிளில் அந்த முகவரியைத்தான் அச்சடித்தோம்.

2021இல் அது கைவிட்டுப் போயிற்று. வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் ஈமெயிலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தான். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் ஒன்று என்று பதிவு செய்து தரும் கம்பெனி அறிவிப்பு அனுப்பியாக வேண்டும், அது டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. அனுப்பியும் இருப்பார்கள். அவன் பெங்களூர் போய் அந்த ஈமெயிலை விட்டே வருஷக் கணக்காகி இருந்தது. கொரோனா இரண்டாவது அலையில் நாங்களும் வெப்சைட்டைத் திறந்து பார்க்கவில்லை. யாரோ எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு எங்கள் லேபிளைப் பார்த்து அந்த முகவரிக்குப் போனவர்களுக்கு ரம்மி விளம்பரம் வந்தது. சிங்கப்பூரில் இருந்து பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருவர் போன் செய்து, "கடையை மூடிட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

வழக்குப் போடலாம் என்றார்கள். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று நம் உச்ச நீதிமன்றமே 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லியிருக்கிறது. டாட் காம் தகராறை வைப்போ என்கிற ஐ.நா. அமைப்பிடமும் கொண்டு போகலாம், ஒரு நடுவர் என்றால் கட்டணம் 1,500 டாலர். பெயரில் நமக்கு உரிமை இருப்பதையும், எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். நாங்கள் டிரேட்மார்க் பதிவே செய்திருக்கவில்லை. ஆகவே விட்டுவிட்டோம்.

இந்த வருஷம் அந்தப் பெயரை எடுத்தவரும் ரினியூ செய்யவில்லை. என் தம்பி மகன்தான் கவனித்துச் சொன்னான். இந்தப் பெயர்கள் காலாவதியான அன்றே அத்துவானத்துக்குப் போய்விடுவதில்லை. பதிவு செய்து தரும் கம்பெனியிடமே 45 நாள் வரை இருக்கலாம், அதற்குள்ளேயே பெரும்பாலும் ஏலத்துக்கு வந்துவிடும். யாரும் கேட்காவிட்டால் மீட்பதற்கு 30 நாள், அழிப்புக்கு 5 நாள், அதற்குப் பிறகே பொதுவுக்கு வரும். ஏலத்தில் எடுத்தால் பெயரின் பழைய பதிவுத் தேதி அப்படியே தொடரும். பழைய பெயருக்கு ஏற்கனவே ஆட்கள் வந்து போகிற தடம் இருக்கும். அதற்காகவே இவற்றை வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். செக்கு எண்ணெய்க்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது.

நான் உறுப்பினராகச் சேர்ந்த தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்களிடம் இன்னும் கணக்கு நிலுவையில் இருக்கிறது. நல்லதையும் சொல்லிவிடுகிறேன். தேடுவது சுலபம். நாம் குறித்து வைத்த பெயர் ஏலத்துக்கு வந்தால் அன்றே தகவல் வருகிறது. கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் ஐந்து நிமிஷம் நீள்கிறது. கடைசி நொடியில் ஒருவர் திடீரென்று நுழைந்து தட்டிக்கொண்டு போக முடியாது. இதை வைத்தவர் யாரோ, ஏலம் தெரிந்தவர்.

நானும் ஏலம் தெரிந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். கல்யாணம் ஆன புதிதில் மாமனாருடன் ஈரோட்டுக்கு மஞ்சள் ஏலத்துக்குப் போவேன். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம், ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்து வைத்திருப்பார்கள். வியாபாரிகள் வந்து விரலியை இரண்டாக ஒடித்து, உள்ளே நிறம் பார்த்து, ஈரம் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதிக விலை எழுதியவருக்கு லாட். அந்த விலை பிடிக்கவில்லையென்றால் விவசாயி வேண்டாம் என்று மூட்டையை எடுத்துக்கொண்டு வரலாம், மாமனார் இரண்டு தடவை அப்படி எடுத்து வந்திருக்கிறார். அவர் அடிக்கடி சொல்வது: "கேட்டா எடுக்கோணும். எடுக்க முடியாதவன் கேக்கப்படாது." எங்கள் சர்க்கரை ஏலமும் அப்படித்தான். பழனி கோயிலுக்குப் பஞ்சாமிர்தத்துக்கு வாங்க வருகிறவர்களும் கவுந்தப்பாடி ஏலத்தில் விலை எழுதித்தான் எடுக்கிறார்கள்.

எங்கள் பெயர் ஜூன் மாதம் ஏலத்துக்கு வந்தது. முடிகிற நேரம் காலை 11 மணி, பசிபிக் நேரம் என்று மட்டும் போட்டிருந்தார்கள். அது அமெரிக்க மேற்குக் கரை நேரம், கோடையில் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30. விலையை ரூபாயில் காட்டுகிற தளம் நேரத்தையும் இந்திய நேரத்தில் காட்டலாம். தம்பி மகன் கணக்குப் போட்டுச் சொல்லியிராவிட்டால் நான் காலையிலேயே உட்கார்ந்து ஏமாந்திருப்பேன்.

நம்முடைய உச்ச விலையை முன்னாடியே எழுதிக் கொடுத்துவிடலாம். அடுத்தவர் ஏற்றும்போது நமக்காக மெஷினே அதற்கு மேல் ஒரு படி மட்டும் ஏற்றிக் கேட்கும். நான் 18,000 எழுதினேன். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்ததுதான். இரவு 11.20 வரைக்கும் ஒருவர் மட்டும் போட்டிக்கு இருந்தார், 4,000 ரூபாயோடு நின்றுவிட்டார். என் பெயரில் 4,200 நின்றது. அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு வந்து நானும் தம்பி மகனும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். மூன்று நிமிஷம் இருக்கும்போது "ஏலதாரர் 4" என்று ஒருவர் வந்தார். 4,400. எனக்காக மெஷின் 4,600. அவர் 5,500. அப்படியே ஏறியது. ஒவ்வொரு தடவையும் கடிகாரம் மறுபடி ஐந்து நிமிஷத்துக்குப் போயிற்று. பதினோரு தடவை நீண்டது. திரையில் எண் மாறும்போதெல்லாம் சிவப்பாக ஒரு கட்டம் மின்னும், எனக்கு அடிவயிறு பிசையும். 18,000 வந்து என் பெயரில் நின்றது. இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் 18,500.

"அத்தெ, இன்னொரு ஐநூறு போட்டா விட்டுருவாங்க போலத் தெரியுதுங்க. போடட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி. பதினெட்டுன்னு பேசித்தான உக்காந்தோம்."

பெயர் போயிற்று. அன்றைக்குத் தூங்கவில்லை. ஆனால் ஏலம் என்றால் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மேலே கேட்டவருக்குப் போவதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

எட்டு நாள் கழித்து ஈமெயில் வந்தது. ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லையாம். அடுத்த நிலையில் இருந்த எனக்கு அந்தப் பெயரைத் தருகிறார்களாம், விலை 18,000, 48 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும்.

என் ஆதங்கமெல்லாம் இந்த இடத்தில்தான். ஏலதாரர் 4 வராமல் இருந்தால் அந்தப் பெயர் 4,200க்கு எனக்கு வந்திருக்கும். பணம் கட்டாதவர் கேட்டதெல்லாம் ஏலக் கேள்வியே கிடையாது என்றால், அவர் கேட்டதை அடியோடு அழித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்கள் கேட்டதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். போட்டால் 4,200தான் வரும். அவர் ஓடிப் போனார், அவர் ஏற்றிவிட்ட விலை மட்டும் என் தலையில் நின்றது. சாட்டில் இதைப் பொறுமையாக எழுதிக் கேட்டேன். "இரண்டாம் ஏலதாரர் கேட்ட அதிகபட்ச விலைக்கே தருவோம், அதுதான் எங்கள் விதி" என்று பதில் வந்தது. ஏலதாரர் 4 முன்பணம் கட்டியிருந்தாரா? தேவையில்லையாம். அவர் கணக்கை முடக்கினீர்களா? சொல்ல இயலாதாம். இதற்கு முன் எத்தனை ஏலத்தில் இப்படி விட்டுப் போனார்? அதுவும் சொல்ல இயலாதாம்.

கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. ஆனால் தான் யார் விரலைப் பிடித்திருக்கிறோம் என்று பிடித்தவருக்குத் தெரியும். இங்கே எனக்கு அதுகூடத் தெரியவில்லை. அடுத்த ஏலத்தில் அதே ஆள் "ஏலதாரர் 2" ஆக வருவார். ஒவ்வொரு ஏலத்துக்கும் புது எண் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு எல்லா ஏலத்திலும் ஒரே எண் இருக்கட்டும், பெயர் வேண்டாம். எத்தனை எடுத்தார், எத்தனையில் பணம் கட்டாமல் போனார் என்று அந்த எண்ணுக்குப் பக்கத்தில் காட்டட்டும். ஒரு அளவுக்கு மேல் கேட்கிறவரிடம் பத்தில் ஒரு பங்கு முன்பணம் வாங்கட்டும்.

நான் யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் இப்படிக் கேட்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த 18,000 யாருக்கும் தெரியாது என்கிறார்கள், ஏலம் நடத்துகிறவர் கம்ப்யூட்டரில் அது இருக்கத்தானே செய்கிறது? அமெரிக்காவில் ஸ்நாப்நேம்ஸ் என்ற டொமைன் ஏலக் கம்பெனி 2009 நவம்பரில் தானே முன்வந்து ஒன்றை வெளியிட்டது. அவர்களுடைய ஊழியர் ஒருவரே "ஹால்வாரெஸ்" என்ற புனைபெயரில் 2005 முதல் ஏலம் கேட்டு வந்திருக்கிறார், வாடிக்கையாளர்கள் அதனால் கூடுதல் விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனி வித்தியாசத் தொகையை வட்டியோடு திருப்பித் தர முன்வந்தது. மஞ்சள் ஏலத்தில் பெட்டிச் சாவி வைத்திருப்பவரே சீட்டும் எழுதிப் போட்டால் எப்படி இருக்கும்? "எங்கள் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஏலம் கேட்க மாட்டார்கள்" என்று ஒரு வரி நான் சேர்ந்த தளத்தின் விதிகளில் இருக்கிறதா என்று தம்பி மகனும் நானும் முழுக்கத் தேடினோம். இல்லை. அந்த வரியை எழுதி வைக்க அவர்களுக்கு ஒரு செலவும் ஆகாது.

இன்னொன்று. ஏலம் முடிந்த மறுநாளே யார் எந்த நேரத்தில் எவ்வளவு கேட்டார் என்ற பட்டியலை எடுத்துவிட்டார்கள். தம்பி மகன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால்தான் 4,200 என்று என்னால் சொல்ல முடிந்தது. நீங்களும் எடுத்து வையுங்கள்.

இடையில் வேறொரு பெயரும் 2,600க்கு எனக்கு விழுந்தது, மஞ்சள்தூளுக்காகக் கேட்டது. ஆறாம் நாள் ரத்து ஆயிற்று. பழைய உடைமையாளர் கடைசி நேரத்தில் ரினியூ செய்துவிட்டாராம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. 2021இல் அந்த வாய்ப்பு எனக்குத் தெரிந்திருந்தால் ஓடிப்போய்க் கட்டியிருப்பேனே! அந்த விதி கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் "பழையவர் மீட்க இன்ன தேதி வரை உரிமை உண்டு" என்று ஏலப் பக்கத்திலேயே போட வேண்டும். ரத்தான பணம் வர எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று, அதுவும் நானே இரண்டு தடவை எழுதிக் கேட்ட பிறகு.

தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களையும் அங்கே தேடிப் பார்த்தேன். எல்லாம் எக்ஸ் என் என்று ஆரம்பிக்கும் புரியாத எழுத்துக் கோவையாகத்தான் பட்டியலில் இருக்கிறது. எந்த ஊர்ப் பெயர், எந்தச் சொல் ஏலத்துக்கு வருகிறது என்று தமிழ் படிக்கிறவருக்கே தெரியாது.

கடைசியில் அந்த 18,000ஐக் கட்டினேன். வீட்டுக்காரர், "விடு அம்மிணி, வேற பேர்ல பாத்துக்கலாம்" என்றார். என்னால் முடியவில்லை. போன வாரம்கூட ஒருவர் ஏழு வருஷத்துக்கு முந்தைய எங்கள் தகர டின்னைக் கொண்டுவந்து இதே எண்ணெய் வேண்டும் என்றார். டின்னில் அந்த முகவரி இன்னும் அழியாமல் இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு 21,240. ஒரு வருஷ ரினியூவல் 1,298. மொத்தம் 22,538. ஏலப் பக்கத்தில் வரியும் ரினியூவலும் ஒரு இடத்திலும் காட்டவில்லை, பணம் கட்டும் திரையில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். 4,200க்கு வந்திருந்தால் இதெல்லாம் சேர்த்து 6,254. வித்தியாசம் 16,284 ரூபாய். அதைக் கேட்டுத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது ஈமெயிலுக்கு, உரிய பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

பணம் கட்டிய இரண்டாம் நாளே பெயர் என் கணக்குக்கு வந்துவிட்டது, அதில் தாமதம் இல்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், ஒன்று அந்த ஐந்து நிமிஷ நீட்டிப்புக்கு, ஒன்று இதற்கு. இப்போது அந்த முகவரியைத் தட்டினால் எங்கள் செக்கு வருகிறது. இந்தத் தடவை என் சொந்த ஈமெயில், என் சொந்த போன் நம்பர். வேறு கம்பெனிக்கு மாற்ற 60 நாள் பூட்டு இருக்கிறது, செப்டம்பரில் திறக்கும். அன்றைக்கே மாற்றிவிடப் போகிறேன், தம்பி மகனிடம் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.