கான் ஏ செஃபரோஸ் 4பி: மானோஸைப் பிடிக்கும், காலக்டோஸை விட்டுவிடும்

சர்க்கரை ஒட்டிய புரதங்களைக் கலவையிலிருந்து பிரிக்க முதலில் வாங்க வேண்டிய பிசின் (குழாய் போன்ற நிரலில் நிரப்பும் மணிகள்) கான் ஏ செஃபரோஸ் 4பிதான். வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் விதையில் கிடைக்கும் கான்கனாவாலின் ஏ (சுருக்கமாக கான் ஏ) என்ற லெக்டினை, அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதத்தை, அகரோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலியால் ஆன மணிகளில் இணைத்துத் தருகிறார்கள். 1 மி.லி. பிசினில் 10 முதல் 16 மி.கி. லெக்டின் இருக்கும்.

இது எதைப் பிடிக்கும் என்பது லெக்டினில் சர்க்கரை அமரும் குழியின் வடிவத்திலேயே தெரிந்துவிடும். சர்க்கரையின் 3, 4, 6-ஆம் கார்பன்களில் உள்ள ஹைட்ராக்சில்களைத்தான் (OH தொகுதிகள்) குழி பற்றுகிறது. நான்காம் கார்பனில் உள்ளதை லெக்டினின் 14-ஆவது, 208-ஆவது அமினோ அமிலங்களான அஸ்பராஜின் 14, அஸ்பார்டேட் 208 இரண்டும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன. காலக்டோஸில் அந்த ஒரு ஹைட்ராக்சில் திசை மாறி நிற்பதால் பிடி கிடைப்பதில்லை. மணிகள் காலக்டோஸ் அடிப்படையிலான அகரோஸ் என்பதால் லெக்டின் தன் மணியையே பிடித்துக்கொள்ளாது. குளுக்கோஸால் ஆன செஃபடெக்ஸ் என்ற வேறு வகை மணியை அது நன்றாகவே பிடிக்கும்.

புரதத்தில் உள்ள சர்க்கரைக் கிளைகளில் மானோஸ் மிகுந்தவை இறுக ஒட்டும், மானோஸோடு வேறு சர்க்கரைகளும் சேர்ந்த 'காம்ப்ளெக்ஸ்' வகையில் இரு கிளை உள்ளவை தளர்வாக ஒட்டும், மூன்று நான்கு கிளை உள்ளவை வழிந்து ஓடிவிடும். ஆகவே 'ஒட்டவில்லை' என்றால் 'சர்க்கரை இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. புதுப் புட்டியைச் சோதிக்க ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் சர்க்கரை ஒட்டிய பி வடிவம் போதும். அது தங்க வேண்டும். சர்க்கரையற்ற ஏ வடிவம் ஓடிவிட வேண்டும்.

மாதிரியை நிரலில் ஏற்றும் பஃபர் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்): 20 மி.மோலார் டிரிஸ், 0.5 மோலார் உப்பு, மாங்கனீசும் கால்சியமும் தலா 1 மி.மோலார், பிஎச் 7.4. பலரும் சறுக்குவது இங்கேதான். செல் உடைத்த கரைசலில் உலோகத்தைப் பற்றும் வேதிப்பொருளான இடிடிஏ இருந்தால் கால்சியத்தைப் பிடுங்கிவிடும். அஸ்பராஜின் 14-ஐ இடத்தில் நிறுத்துவதே அந்தக் கால்சியம்தான்; அது போனால் குழி குலையும். இடிடிஏ இல்லாத புரோட்டியேஸ் தடுப்பானையே (புரதம் வெட்டும் நொதிகளைத் தடுப்பது) வாங்குங்கள். பாஸ்பேட் பஃபரும் வேண்டாம், கால்சியம் வீழ்படிவாகிவிடும்.

ஒட்டிய புரதத்தைக் கழற்ற, குழிக்குப் போட்டியிடும் சர்க்கரையான மீத்தைல் ஆல்ஃபா மானோசைடு, 0.1 முதல் 0.5 மோலார். பாதி நிரல் அளவு ஊற்றி, ஓட்டத்தை நிறுத்தி, சில மணி நேரம் ஊறவிட்டுத் திறந்தால் மகசூல் கூடும். ஒரே புரதத்தின் பல கிளைகள் பல குழிகளில் மாட்டியிருப்பதால் அவசரப்பட்டால் பாதி உள்ளேயே தங்கும்.

பெரிய குறை, கசிவு. லெக்டின் நான்கு துண்டுகள் சேர்ந்தது. எல்லாத் துண்டும் மணியோடு வேதிப்பிணைப்பில் இருப்பதில்லை, தளர்ந்தவை கழன்று வரும். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் 25 கிலோடால்டன் அருகே ஒரு பட்டையும், இயல்பாகவே வெட்டுப்பட்ட துண்டுகளால் 13-க்குப் பக்கத்தில் மங்கலான பட்டைகளும் தெரிந்தால் அது உங்கள் புரதம் சிதைந்ததாக இருக்க வேண்டியதில்லை, கசிந்த லெக்டினாகவும் இருக்கலாம். கான் ஏ, நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி-செல்களைப் பெருகத் தூண்டும். செல் வளர்ப்புக்குப் போகும் மாதிரி என்றால் கான் ஏ-ஐ மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியால் ஒரு வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தைக் கண்டறியும் சோதனை) ஓட்டிப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

பயன்படுத்திய பிசினைக் கழுவ, உப்பு கலந்த பிஎச் 8.5, 4.5 பஃபர்களை மாற்றி மாற்றி மூன்று முறை விட்டு, உடனே உலோகம் உள்ள பஃபருக்குத் திரும்புங்கள். 20 சதவீத எத்தனாலில் 4 டிகிரியில் வைக்கலாம்; உறைய விடாதீர்கள்.