கைமெராஎக்ஸ்: நொதியைப் பிளந்து பார்க்க ஒரு கத்தி

முதுகலை வகுப்புக்கு நொதியியல் நடத்துகிறேன். நரம்புச் செய்தியைக் கடத்தும் அசெட்டைல்கோலினை உடைக்கும் நொதியான அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் வந்தாலே எனக்குச் சங்கடம்தான். வேதிவினை நடக்கும் இடமான அதன் வினைமையம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் (2 நானோமீட்டர்) ஆழமுள்ள குறுகலான பள்ளத்தின் அடியில் இருக்கிறது. பலகையில் கிணறு வரைந்து விளக்கிவிட்டு, திரையில் மேற்பரப்பைப் போட்டால் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கட்டிதான் தெரியும். கிணறு எங்கே?

இந்த முறை கைமெராஎக்ஸில் வெட்டிக் காட்டினேன். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மென்பொருள் இது, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும், கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். எடுத்துக்கொண்டது புரத அமைப்புகளின் தரவு வங்கியில் 1ஈவிஈ (1EVE) என்ற குறியீடுள்ள அமைப்பு: மின்திருக்கை மீனின் நொதிக்குள் அல்சைமர் மருந்தான டோனெபெசில் உட்கார்ந்திருக்கும் அமைப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது வெட்டுமுகம். மேற்பரப்பு என்பது கணக்குப்படி வெறும் தோல். முன்பு பயன்படுத்திய வேறொரு மென்பொருளில் வெட்டினால் கிழிந்த பலூன் மாதிரி உட்புறத் தோல் தெரியும். எது பள்ளம், எது புரதம் என்று பிடிபடாது. இதில் வெட்டிய இடம் மூடப்பட்டு, பிளந்த தர்பூசணி போல நிறைவாகத் தெரிகிறது. ஓரத்திலிருந்து உள்ளே ஓடும் இடைவெளிதான் பள்ளம். அடியில் 84ஆம் டிரிப்டோஃபான் (புரதச் சங்கிலியின் 84ஆவது அமினோ அமிலம்), வாய்ப்பக்கம் 279ஆம் டிரிப்டோஃபான், நடுவே நெடுக மருந்து.

சரி, நான் சொதப்பியதையும் சொல்கிறேன். முதல் வெட்டில் மருந்தும் சேர்ந்து பாதியாகப் போனது. மருந்தைத் தனி மாடலாகப் பிரித்து, அதை வெட்டாதே என்று கட்டளை கொடுத்த பிறகே முழுசாக நின்றது. அப்புறம் படத்தைத் திருப்பினேன். பள்ளம் காணாமல் போய்விட்டது! ‘நியர்’ என்ற வெட்டுத்தளம் திரையோடு ஒட்டியது, மூலக்கூறைத் திருப்பினால் வேறு இடத்தை வெட்டும். ‘ஃப்ரண்ட்’ தளம்தான் மூலக்கூறோடு சேர்ந்து சுழலும். இதைக் கையேட்டில் முதலிலேயே படித்திருந்தால் பத்து நிமிடம் மிஞ்சியிருக்கும்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். வெட்டு தட்டையானது, பள்ளம் அப்படியில்லை. தளத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் பாதை பாதியில் அடைபட்டது போலத் தோன்றும். பொறுமையாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கத்தான் வேண்டும்.

பள்ளத்தின் நடுவே 121ஆம் டைரோசினும் 330ஆம் ஃபீனைலலனினும் நெருங்கி ஒரு கழுத்து போல இருக்கும். அதைப் பார்த்த ஒரு மாணவி, “இவ்வளவு இடுக்குல மருந்து எப்படி மேடம் உள்ளே போச்சு?” என்று கேட்டாள். புரதம் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும், கழுத்து விரியும், சுருங்கும் என்றேன். திரையிலிருந்த வெட்டுமுகம் மட்டும் அசையாமல் நின்றது.