நகரக் காற்றின் தூசியில் என்ன இருக்கிறது: ஃபில்டரா, ஏசிஎஸ்எம்மா?

காற்றில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய தூசித் துகள், எவ்வளவு என்று சொல்ல இன்று பல ஊர்களில் கருவி இருக்கிறது. அதில் சல்பேட் எவ்வளவு, கரி எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று கேட்டால்தான் திண்டாட்டம். சென்னையில் சாலையோர மொட்டைமாடி ஒன்றில் இதை அளக்க எங்கள் குழு யோசித்தபோது இரண்டு வழிகள் இருந்தன: துகளை ஃபில்டரில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, அல்லது துகளை ஆவியாக்கி அதன் வேதிப் பொருள்களை நிறையால் பிரித்தறியும் ஏசிஎஸ்எம் என்ற நிறை நிறமாலைமானியை அங்கேயே ஓடவிடுவது. நாங்கள் ஃபில்டர் பக்கம் போனோம்.

ஏசிஎஸ்எம்மின் பலம் வேகம். கரிமப் பொருள், சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், குளோரைடு எல்லாம் அரை மணிக்கொரு முறை வரும். டெல்லிக் குளிர்காலத்தில் விடியற்காலையில் குளோரைடு எகிறுவது இப்படித்தான் தெரிந்தது. 24 மணி நேர ஃபில்டரில் அது கரைந்துபோகும். ஆனால் சுமார் 600 டிகிரி செல்சியஸில் சட்டென ஆவியாவதை மட்டுமே இது பார்க்கும். மண்தூசி, கரி, உலோகங்கள் தப்பிவிடும், கடல் உப்பும் பெரும்பாலும் அப்படியே. கடலோர ஊருக்கு இது பெரிய குறை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஏசிஎஸ்எம்முக்குள் டர்போ பம்புகள் இரவு பகலாக வெற்றிடத்தைக் காக்க வேண்டும். மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் வெற்றிடம் போச்சு. திரும்பப் பம்பு செய்து, கருவியின் பின்னணி சமிக்ஞை அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் அம்மோனியம் நைட்ரேட்டை வைத்து அளவீட்டைச் சரிபார்க்க வேண்டும். ஏசி அறை வேண்டும், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே வரும் காற்றை உலர்த்தவும் வேண்டும், பழகிய ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபில்டர் பம்பு நின்றால் அன்றைய மாதிரி மட்டும்தான் போகும்.

ஃபில்டர் வழியே நிமிடத்துக்கு 16.7 லிட்டர் இழுத்தால் ஒரு நாளில் 24 கன மீட்டர் காற்று. பிஎம் 2.5-க்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமிலேயே ஃபில்டரில் சுமார் 1.4 மில்லிகிராம் சேரும். டெஃப்ளான் ஃபில்டரை எடை போட்டு, எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர் முறையில் சேதமில்லாமல் உலோகம் பார்க்கலாம். குவார்ட்ஸ் ஃபில்டரில் ஒரு துண்டு கரிக்கு, இன்னொன்று நீரில் ஊறி அயனிகளுக்கு. மீதி உறைபெட்டியில் இருக்கும். புதுக் கேள்வி வந்தால் எடுத்துப் பார்க்கலாம். இந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெயிலில் டெஃப்ளானிலிருந்து அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிவிடும் என்பது உண்மை. வாயுக்களை முன்பே உறிஞ்சிவிடும் டினூடர் என்ற குழாய்க்குப் பின் நைலான் ஃபில்டர் வைத்தால் பிடிக்கலாம். அது இல்லாத கோடைகால நைட்ரேட் எண்ணை நான் நம்புவதில்லை. குவார்ட்ஸோ கரிம ஆவியை உறிஞ்சி எண்ணை ஏற்றிவிடும்.

எந்த மணி நேரத்தில் எது எரிகிறது என்பதே கேள்வியானால் ஏசிஎஸ்எம்தான் சரி. ஃபில்டர் நாடாவில் மணிக்கொரு முறை உலோகம் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை நான் ஓட்டியதில்லை, அதனால் அதை இங்கே ஒப்பிடவில்லை. ஃபில்டருக்குப் போகிறவர்கள் பம்பு வாங்கும் முன் எடை அறையைத் தயார் செய்யுங்கள். ஈரப்பதம் 30–40 சதவீதத்தில் நிற்காவிட்டால் அந்த 1.4 மில்லிகிராமை நம்பவே முடியாது.