பழவேற்காடு பக்கம் குதிரையோட கேம்ப் போறவங்க இத படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் போடுங்க

தண்டையார்பேட்டைல நாங்க ரெண்டு குதிரை வச்சிருக்கோம். செல்வி, ராஜா. மாப்பிள்ளை அழைப்பு, ஊர்வலம்னு போறதுங்க. செல்விய அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடி சந்தைல நைனாதான் பல்லு பாத்து குளம்பு பாத்து வாங்கினாரு, வீட்டுல எங்க தங்கச்சி மாதிரிதான் அது.

மார்கழில முகூர்த்தம் கிடையாது. வருஷம் பூரா தார் ரோட்டுலயே நடந்து லாடம் தேயுது, ரெண்டு நாள் மண்ணுல காலாற நடக்கட்டும், நாமளும் டென்ட் போட்டு தங்கலாம்னு நானும் மச்சானும் இடம் தேடினோம். இன்ஸ்டாகிராம்ல பழவேற்காடு தாண்டி ஒரு கேம்ப், சவுக்குத் தோப்பு, பக்கத்துல பீச், ரெண்டு மூணு குதிரை நிக்கிற போட்டோ, 'குதிரைகளுக்கு தனி வசதி'ன்னு போட்டிருந்தாங்க. போன் பண்ணேன். லாயம் இருக்குண்ணா, தண்ணித் தொட்டி இருக்குண்ணா, பசும்புல்லு நாங்களே குடுக்குறோம், கூப்பிட்டா டாக்டர் வந்துடுவாருண்ணான்னு எல்லாத்துக்கும் தலையாட்டினாரு ஓனர். ஆளுக்கு 1,200, குதிரைக்கு 800 ஒரு நைட்டுக்கு, ஜிபேல 5,000 அட்வான்ஸ் அனுப்பிட்டேன். நேர்ல ஒரு தடவ போய் பாக்கல, அங்கதான் தப்பு பண்ணேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் 407 லாரில ரெண்டையும் ஏத்திட்டு போய் எறக்கினோம், வண்டிக்காரரும் திரும்பிட்டாரு. போன உடனே ஓனர் செல்வி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாரு, வீடியோ எடுத்தாரு, பேலன்ஸ் பணத்த வாங்கினாரு, பைக் எடுத்துட்டு கெளம்பிட்டாரு. லாயம்னு சொன்னது நாலு சவுக்குக் கம்பு, மேல நீல தார்பாய். மூணு பக்கம் தேங்காக் கயிறு, பின்பக்கம் முள்கம்பி. குதிரை ஒரு தடவ மிரண்டு பின்னால போச்சுன்னா கால் கிழிஞ்சிடும். அதவிட பயந்தது எதுக்குன்னா, அழகுக்குன்னு வேலி ஓரமா வரிசையா செவ்வரளி வச்சிருக்காங்க. அரளி குதிரைக்கு விஷம், பச்சை எலைன்னு இல்ல காஞ்சு கீழ விழுந்த எலையும் விஷம்தான், கொஞ்சம் தின்னாலே ஹார்ட்ட புடிச்சிக்கும். குதிரைக்கு வாந்தியும் வராது, உள்ள போனது போனதுதான். லாயத்துலேந்து கழுத்த நீட்டினா எட்டுற தூரத்துல அது. ரெண்டையும் அவுத்து தோப்பு நடுவுல கட்டினோம்.

பசும்புல்லு இல்ல, வைக்கோல்தான் இருந்தது. அங்க வேலைக்கு இருந்த பையன் மணல்லயே கொட்டிட்டு போனான். (அந்தப் பையன் மேல எனக்கு கோவமே இல்ல, மாசம் பூரா தனியா கெடந்து அந்த எடத்த பாத்துக்கறான், ராத்திரி எங்க கூடவே முழிச்சிருந்தான்.) டிரம்ல தண்ணி இருந்தது, செல்வி மூக்க விட்டு மோந்துச்சு, உதட்ட தூக்கிட்டு திரும்பிடுச்சு. நான் கைல அள்ளி வாயில வச்சேன், உப்பு. போர் தண்ணி. மீஞ்சூர்லேந்து அந்தப் பக்கம் பல வருஷமா நிலத்தடி தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி உள்ள ஏறினது நம்ம ஏரியாக்காரங்க எல்லாருக்கும் தெரியும், பழவேற்காடு ஏரியே உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்ததுதான், இது எனக்கு ஏன் முன்னாடியே தோணலன்னு இன்னும் மனசு அடிச்சிக்குது. ஒரு குதிரை ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். பையன அனுப்பி ஆறு வாட்டர் கேன் வாங்கினோம், அவன் சைக்கிள்ல அதுக்கு மேல கொண்டு வர முடியல. பனி வேற, குளுருக்கு குதிரை கம்மியாதான் குடிக்கும்.

சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ராஜா கனைக்கிற சத்தம் கேட்டு வெளிய வந்தேன். செல்வி முன்னங்கால்ல மண்ண பறிக்குது, திரும்பி திரும்பி தன் வயித்தயே பாக்குது, படுக்குது, எந்திரிக்குது, உருளுது. அந்தக் குளுருல கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. வயித்துல காது வச்சேன். நல்லா இருக்குற குதிரைக்கு உள்ள கடகடன்னு ஓடிட்டே இருக்கும், இங்க ஒரு சத்தமும் இல்ல. அந்த அமைதி இருக்கே, என் கை காலெல்லாம் நடுங்கிடுச்சு.

ஓனருக்கு போன் பண்ணா ஸ்விட்ச் ஆஃப். டாக்டர் நம்பர் பையனுக்கு தெரியாது, அப்படி ஒரு டாக்டர் வந்து அவன் பாத்ததே இல்லயாம். நைனாவ எழுப்பினேன், அந்தக் காலத்துல ராயபுரத்துல ஜட்கா ஓட்டினவரு. தீனிய எடுத்துடு, மெதுவா நடத்திட்டே இரு, கஷாயம் அது இதுன்னு வாயில எதுவும் ஊத்தாத நுரையீரலுக்கு போயிடும், வேப்பேரிக்கு கொண்டு போன்னாரு. மச்சானோட சிநேகிதர் ஒருத்தர் விடிகாலைல அங்கேந்து காசிமேட்டுக்கு மீன் ஏத்துறவரு, அன்னிக்கு மீன் லோட வேற வண்டிக்கு மாத்தி விட்டுட்டு அவரு குட்டி யானைல செல்விய ஏத்தினாரு, அவரு நல்லா இருக்கணும். பொன்னேரி, தச்சூர் கூட்ரோடு, செங்குன்றம் வரைக்கும் வந்துட்டோம், மாதவரம் கிட்ட கன்டெய்னர் லாரி வரிசைல மாட்டிக்கிட்டோம். நான் பின்னாடி நின்னு அது தலைய என் தோள்ல வச்சிக்கிட்டேன். மூச்சு சூடா கழுத்துல படுது, அது ஒண்ணுதான் எனக்கு தெம்பு.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மூக்கு வழியா ட்யூப் விட்டு கேஸ எடுத்தாங்க, லிக்விட் பாரஃபின் உள்ள விட்டாங்க, வலிக்கு ஊசி, டிரிப்ஸ். தண்ணி சரியா குடிக்கல, வைக்கோலோட மணலும் சேந்து உள்ள போய் கெட்டியா அடச்சிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாயங்காலம் ஒரு உருண்டை சாணி போட்டுச்சு, அத பாத்து மச்சான் அழுதுட்டான். அந்த சாணிய பக்கெட் தண்ணில கரச்சு கொஞ்ச நேரம் விட்டு மேல இருக்கறத ஊத்தினா அடில மணல் தங்கும், பாருங்கன்னு காட்டினாங்க. கை நெறய மணல். அப்புறம் இசப்கோல் குடுத்து தினமும் நானே பக்கெட்ல கரச்சு பாப்பேன், மணல் கொறஞ்சு நிக்க பத்து நாள் ஆச்சு. ராஜாவ மறுநாளே கூட்டிட்டு வந்துட்டோம், அதுக்கு ஒண்ணும் ஆகல.

நீங்க போறதா இருந்தா குதிரை இல்லாம ஒரு தடவ நேர்ல போங்க. தண்ணிய உங்க வாயில ஊத்தி பாருங்க. கட்டுற எடத்த சுத்தி நடந்து அரளி இருக்கா, முள்கம்பி இருக்கான்னு பாருங்க. மணல் தரைன்னா தீனிய தார்பாய் விரிச்சோ வலைல கட்டியோதான் போடணும். ஏத்துற வண்டி அங்கயே நிக்கணும், வாடகை எவ்வளவு ஆனாலும் அனுப்பிடாதீங்க. 1962 கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரையும் பக்கத்து ஊர் டாக்டர் நம்பரையும் கைல வச்சிக்கோங்க, எனக்கு அந்தப் பதட்டத்துல 1962 ஞாபகத்துக்கே வரல.

ஓனர் பணம் திருப்பித் தர மாட்டேன்னுட்டாரு, உன் குதிரைக்கு உடம்பு சரியில்லன்னா நான் இன்னா பண்றதுன்னு கேட்டாரு. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோட 1915 நுகர்வோர் நம்பர்ல புகார் போட்டிருக்கேன். ஆனா இப்ப இத எழுத உக்காந்தது பணத்துக்காக இல்ல. நேத்து அவங்க பேஜ்ல பொங்கல் லீவுக்கு புது விளம்பரம் போட்டிருக்காங்க, குதிரைக்கு ஒரு நைட் 1,000 ஆக்கிட்டாங்க. அதுல சவுக்குத் தோப்பு முன்னாடி நெத்தில வெள்ளப் பொட்டோட ஒரு செவலைக் குதிரை நிக்குது பாருங்க, அது எங்க செல்வி.